ஒரு நேயர் லைனில் இருக்கிறார்

அத்தையின் வலது காலில் நடு விரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது டிவி நின்றுபோனது. பாடிக்கொண்டிருந்த பெண் வாயைத் திறந்தபடி ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு திரை முழுக்க நீலம். நடுவில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும்.

"என்னாச்சு?" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல்.

"கேபிள் போச்சு அத்தை. வந்துரும்."

"அந்தப் பொண்ணு பாதியில நிக்குதேடி."

மருமகள் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ரிமோட்டை அழுத்திப் பார்த்தாள். டிவியின் பின்னால் போய் ஒயரை ஆட்டிப் பார்த்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. தெருமுனையில் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் இரும்புப் பல்லில் கறுப்பாக ஒரு ஒயர்க் கற்றை சிக்கித் தொங்கியது. கேபிள்காரருக்குப் போன் போட்டாள்.

"தெரு முழுக்கப் போச்சும்மா. சாயங்காலம் ஆயிரும்" என்றார் அவர்.

சாயங்காலம். நேற்று வந்த டாக்டர் படியிறங்கும்போது அவள் கணவனிடம் தணிந்த குரலில் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க. இந்த வீட்டில் இப்போது சாயங்காலம் ரொம்பத் தொலைவில் இருந்தது.

அத்தையின் கட்டில் முன்னறையில் கிடந்தது டிவிக்காகத்தான். உள்ளறை அமைதியாக இருக்கும் என்று மகன் சொன்னதற்கு, "அங்க சுவரைத்தான பாக்கணும்" என்று மறுத்துவிட்டாள். வாழ்க்கையில் பாதியை ஒரு பிஸ்கட் கம்பெனியின் பாக்கிங் பிரிவில் கழித்தவள். அங்கே கூரையில் ஒரு ஸ்பீக்கர் இருந்தது. மேனேஜர் அறையில் யாரோ பாட்டுப் போடுவார்கள். யார் என்று பெண்கள் யாருக்கும் தெரியாது. கை தன்பாட்டுக்கு பிஸ்கட்டை அடுக்க, அடுத்து வரப்போவது காதல் பாட்டா, சோகப் பாட்டா, குத்துப் பாட்டா என்று வரிசை முழுக்கப் பந்தயம் ஓடும். வேலையை விட்டு வந்தபின் அந்த ஸ்பீக்கரின் இடத்தைப் பாட்டுச் சேனல் பிடித்துக்கொண்டது. வரிசைப் பெண்களின் இடத்தை மருமகள் பிடித்துக்கொண்டாள். தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது ஒப்பந்தம். அத்தைதான் அதிகம் தோற்பாள். ஆனால் கழுவியதாகச் சரித்திரம் இல்லை.

மருமகளும் பாட்டுச் சேனலுக்குக் கீழேயே பிழைக்கிறவள்தான். அவள் வேலை பார்க்கும் அழகு நிலையத்தில் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை டிவி பாடும். தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருப்பவர்கள் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று திட்டுவார்கள். சாயம் காய்வதற்குள் அதையே முணுமுணுப்பார்கள். நேயர்களோடு போனில் பேசும் தொகுப்பாளினியைப் போல அவள் கொஞ்சிப் பேசிக் காட்டினால் கடையே சிரிக்கும். ஆனால் வேலை முடிந்து பஸ் ஏறியதும் எல்லோரையும் போல அவளும் காதில் இயர்போனைச் செருகிக்கொள்வாள். கணவனும் அப்படித்தான். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழியில் தனியாக நின்று பழகி, வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டே இருப்பான். அத்தையின் முன்னறையில் மட்டும்தான் ஒரு பாட்டை எல்லோரும் சேர்ந்து கேட்கும் வழக்கம் மிஞ்சியிருந்தது.

அத்தை யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். செய்கிற வேலைதான் பெயர். மருமகள் 'பார்லரு'. மகன் 'லிஃப்ட்டு'.

சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டிருந்த லிஃப்ட்டு கரண்டியும் கையுமாக வந்தான். போனை எடுத்தான்.

"என்ன பாட்டும்மா வேணும்? சொல்லு, இதுல போடறேன்."

"என்ன பாட்டு வேணும்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"உனக்குப் பிடிச்சது ஏதாவது சொல்லேன்."

"பிடிச்சதையெல்லாம் கேட்டாச்சு" என்றாள் அத்தை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மூச்சைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. "அடுத்து என்ன வருதுன்னு பாக்கணும். நானே சொல்லி நானே கேக்கறது... நம்ம முதுக நாமே தட்டிக்கற மாதிரி."

அவன் போனைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். மனைவி அந்தப் போனை வாங்கி ஸ்பீக்கரோடு இணைத்து, டிவிக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலுக்கு வந்த பாட்டைத் தட்டினாள். புல்லாங்குழலில் ஆரம்பித்தது.

"வந்துருச்சா?" என்றாள் அத்தை.

"வந்துருச்சு அத்தை."

ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று. மருமகள் மறுபடி கால்மாட்டில் உட்கார்ந்து நகத்தை வெட்டத் தொடங்கினாள். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அத்தை சொன்னாள்:

"இது நம்ம சேனல் இல்ல."

"ஏன் அத்தை?"

"இவ்வளவு நேரம் ஆச்சு, இன்னும் பல் வெளக்கற விளம்பரம் வரலயே."

மருமகள் கணவனின் முழங்காலில் ஓர் இடி இடித்தாள். அவன் விழித்தான். மறுபடி இடித்தாள். அவன் சூப்புக் கரண்டியோடு எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான்.

"உங்கள் லிஃப்ட் பாதியில் நிற்கிறதா?" என்றான், செய்தி வாசிக்கிற தமிழில். அதற்குமேல் ஓடவில்லை. மேலே, கூரையைப் பார்த்தான். "கவலை வேண்டாம். பயப்படாமல் நில்லுங்கள். வருவோம்."

அத்தை சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, மருமகள் அவளைத் தோளோடு தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. இருமல் அடங்கியதும், "கடை பேரு சொல்லாத விளம்பரத்த இன்னைக்குத்தான்டா பாக்கறேன்" என்றாள்.

அதன்பின் ஒளிக்க எதுவும் இல்லை. மருமகள் நேராகவே தொகுப்பாளினியாகிவிட்டாள். "வணக்கம் வணக்கம் வணக்கம்! சிக்னல் இருந்தாலும் இல்லாட்டியும் பாட்டு நிக்காத ஒரே சேனல், நம்ம முன்னறைச் சேனல்!" அத்தை அடுத்த பாட்டைக் கணிப்பதும், லிஃப்ட்டு வேண்டுமென்றே வேறொன்றைப் போடுவதுமாக நடந்துகொண்டிருந்தபோது, பாட்டு அறுந்து ஸ்பீக்கரில் மணி அடித்தது.

அவன் போனை எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது. மனைவியின் பக்கம் திருப்பிக் காட்டினான். 'அண்ணன்.'

மூத்த மகன் இந்த வீட்டுக்கு வந்து வருடக்கணக்கில் ஆகிறது. கடைசியாக வந்தது மாமனார் இறந்த வாரம். துக்கத்துக்கு வந்தவர்கள் போன கையோடு அத்தை டிவியைப் போட்டாள். "அப்பா போன ஈரம் காயல. வீடா இது, கொட்டகையா? சத்தத்தைக் குறை!" என்று மூத்தவர் கத்தினார். "என் வீட்டுச் சத்தம் பிடிக்கலன்னா எறங்கிப் போ" என்றாள் அத்தை. அவர் இறங்கிப் போனார். அதற்கப்புறம் தம்பிக்கு மட்டும் எப்போதாவது போன். அவர் பிழைப்பு லாரி ஓட்டுவது. அத்தை வாயில் 'லாரி' என்ற சொல் அதன்பின் வந்ததே இல்லை. நேற்று டாக்டர் போனதும் தம்பி தகவல் சொன்னபோது, "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. தம்பிக்கு எடுக்கக் கை வரவில்லை.

"என்னடா மணி?" என்றாள் அத்தை. "நேயரா?"

மருமகள் போனைப் பிடுங்கினாள். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"வணக்கம்! ஒரு நேயர் லைன்ல இருக்காங்க. சொல்லுங்க சார், யார் பேசறீங்க, எங்கேருந்து பேசறீங்க?"

ரோடு தோண்டும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. அதே இரைச்சல் ஜன்னல் வழியாகவும் வந்தது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே ஜன்னலில் நின்றான். எதிர்ச் சாரியில், தோண்டிய மண்ணை ஒட்டி, ஒரு லாரி நின்றிருந்தது.

"ஹலோ சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். இருக்கேங்க."

"என்ன பண்றீங்க சார்?"

"லாரி ஓட்டறேங்க."

அத்தையின் கண் திறந்தது. அவள் அசையவில்லை. நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்க?" இது தொகுப்பாளினி எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. கேட்டபிறகுதான் மருமகளுக்கு உறைத்தது.

"அம்மா இருக்காங்க. தம்பி இருக்கான், தம்பி சம்சாரம் இருக்கு. நான்தாங்க இல்ல."

இயந்திரம் பெரிதாக உறுமியது. அவர் அடுத்துச் சொன்னது அதில் அமுங்கிப்போனது. பதற்றத்தில் மருமகளின் வாய் அடுத்த பாடத்தையும் ஒப்பித்துவிட்டது.

"சார், டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டுப் பேசறீங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். கீழே இயந்திரம் நின்றுபோயிருந்தது. அதனால் அவர் பேசியது பக்கத்தில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

"குறைக்க வேணாங்க. எங்கம்மா வீட்ல சத்தமாத்தான் இருக்கும். அப்படியே இருக்கட்டும். அன்னைக்கும்... அப்படியே இருந்திருக்கலாம்."

மருமகளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நிகழ்ச்சியைப் பாதியில் விட மனமில்லை. "என்ன பாட்டு சார் வேணும்?"

"எதுன்னாலும் சரிங்க. அடுத்தது எதுவோ, அது."

போர்வைக்குள்ளிருந்து அத்தையின் கை எழுந்து ஆடியது.

"பார்லரு."

"சொல்லுங்க அத்தை."

"அந்த லாரிக்குப் படி ஏறத் தெரியுமான்னு கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. போனில் லாரிக் கதவு அறையப்படும் சத்தம் வந்தது. சற்று நேரத்தில் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய உடம்பு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். சட்டையில் டீசல் வாசம். உள்ளே வரவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல நிக்காத. மறைக்குது" என்றாள் அத்தை.

அவர் நீலத் திரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவசரமாக விலகி, கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். அத்தை அவர் தலைமேல் கையை வைத்தாள். தலையில் நரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று விரல்களால் பார்ப்பது போலத் தடவினாள்.

"உங்கப்பா குறட்டை இருக்குல்ல... அது இல்லாம இந்த வீட்ல என்னால படுக்க முடியலடா. அதான் டிவியப் போட்டேன்."

"தெரியும்மா. அன்னைக்குத் தெரியல. இப்ப லாரில ராத்திரி நானும் பாட்டை அணைக்கறதே இல்ல."

அதைப் பற்றி அவ்வளவுதான் பேச்சு. பிற்பகல் முழுக்க முன்னறைச் சேனல் நடந்தது. மூத்தவர் டயர் விளம்பரம் செய்தார். தம்பியுடையதைவிட அது மோசம் என்று அத்தை தீர்ப்பளித்தாள். அவர் ஊட்டிய சூப்பில் நாலு வாய் குடித்தாள். அதற்குப் பிறகு பேச்சு குறைந்துகொண்டே வந்தது. மூச்சு நீளமாகப் போய்த் தயங்கித் திரும்பியது. மருமகள் மீதி நகங்களையும் வெட்டி, பாதத்தில் எண்ணெய் தடவி, போர்வையை இழுத்துவிட்டாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், யாரும் எதிர்பாராமல், டிவி பளீரென்று உயிர்பெற்றது. ஒரு குடும்பமே வரிசையாக நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தது. லிஃப்ட்டு துள்ளிவிட்டான். அத்தை கண்ணைத் திறந்து அந்தப் பற்களைத் திருப்தியோடு பார்த்தாள்.

"அடுத்தது?" என்றாள்.

"நீங்க சொல்லுங்க அத்தை."

"மெதுவானது." முகத்தை மூத்தவர் பக்கம் திருப்பினாள். "நீ?"

"குத்துப் பாட்டும்மா."

"தோத்தா பாத்திரம்" என்றாள் அத்தை. அவள் உதட்டோரம் அசைந்தது.

பற்பசை முடிந்து சோப்பு வந்தது. சோப்பு முடிந்து கார் வந்தது. காருக்கும் அடுத்ததற்கும் நடுவே எங்கோ, தயங்கிய மூச்சு திரும்பி வரவில்லை. கையைப் பிடித்திருந்த மூத்தவருக்குத்தான் முதலில் தெரிந்தது. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி வந்து அம்மாவின் மறுகையைப் பிடித்தான். மருமகள் எழுந்து நின்றவள் எழுந்தபடியே நின்றாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள்.

மேளம் இடித்துக்கொண்டு வந்தது. நூறு பேர் தெருவில் ஆடினார்கள்.

தம்பி அழுதபடியே ரிமோட்டை எடுத்தான். மூத்தவர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முடியட்டும்டா."

பாட்டு முடிகிறவரை அப்படியே இருந்தார்கள். கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, உள்ளே மேளச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, வாசலிலேயே நின்றாள்.

மறுநாள் எல்லாம் முடிந்தது. பிஸ்கட் கம்பெனிப் பெண்கள் சிலர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் கலைந்தபின் மூத்தவர் லாரியை நோக்கிப் போகவில்லை; முன்னறைத் தரையில் பாயைப் போட்டுத் தூங்கிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் மருமகள் கண் விழித்தபோது அவர் குளித்து, மாற்றுத் துணி இல்லாமல் தம்பியின் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். வயிற்றருகே இரண்டு பொத்தான்கள் எட்டவில்லை.

"பால் வாங்கிட்டு வரேம்மா. நீ படு" என்று தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். குழாய்ப் பள்ளத்தை மூடி மண்ணைப் பரப்பியிருந்தார்கள். மூத்தவர் அதைத் தாண்டித் தெருவின் நடுவே நின்று, பால் கடை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இடது பக்கம் நடக்கத் தொடங்கினார்.

பின்னாலிருந்து கணவன் அவள் தோளுக்கு மேலே எக்கி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"அண்ணே! வலது பக்கம்!"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. தூக்குச் சட்டியை உயர்த்திக் காட்டிவிட்டு, வலது பக்கம் திரும்பி நடந்தார்.