நூற்றுக்கு முப்பத்தாறு

வகுப்பில் எல்லாருக்கும் ஜோடி இருந்தது; அவளுக்குத்தான் இல்லை. வருஷத்தின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். வந்து எத்தனையோ மாதம் ஓடிவிட்டது, பெயர் மட்டும் இன்னும் 'புதுசு'தான். வேதியியல் கூடத்தின் கடைசி மேசையை அவளுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றைய வேலை, மயில்துத்தம் என்ற நீல உப்புக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எடை போட்டே கண்டுபிடிப்பது. நீலத் தூளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு எடை பார்க்க வேண்டும். சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி எடை பார்க்க வேண்டும். குறைந்தது எவ்வளவோ, அவ்வளவும் ஆவியாகிப் போன தண்ணீர். எடை இனி இறங்காது என்று ஆகும்வரை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி டீச்சர் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். யார் கேட்டார்கள்? ஒரே ஒரு தடவை சூடாக்கிவிட்டு எல்லாரும் ஊர்க்கதை பேச உட்கார்ந்துவிட்டார்கள்.

புதுசுக்குப் பேச ஆள் ஏது? பர்னருக்கும் தராசுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் எடை அசையாமல் நின்றது. கிண்ணத்தில் நீலம் துளிகூட இல்லை, வெள்ளை வெளேரென்று பொடி. கணக்குப் போட்டாள். நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு தண்ணீர்.

கரும்பலகையை நிமிர்ந்து பார்த்தாள். மற்ற ஜோடிகள் எழுதி முடித்திருந்தன: இருபத்தாறு, இருபத்தேழு, மறுபடி இருபத்தாறு. இதிலும் வகுப்பே ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

தான் செய்ததுதான் சரி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய? சாப்பாட்டு நேரத்தில் 'இங்கே வந்து உட்கார்' என்று ஒருத்தி கூப்பிட மாட்டாளா என்ற ஏக்கம் சரியான விடையால் தீருமா? ஒரு தடவையாவது கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. தாளில் குறித்திருந்த எடைகளை ரப்பரால் அழித்து மாற்றினாள். பலகையில் இருபத்தேழு என்று எழுதிவிட்டு வந்தாள்.

டீச்சர் மேசை மேசையாகக் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றிலும் நீலம் திட்டுத்திட்டாக மிச்சமிருந்தது. தன் வெள்ளைப் பொடி காட்டிக்கொடுத்துவிடுமே என்று புதுசு பயந்தாள். குழாயில் விரலை நனைத்துச் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விட்டாள். தண்ணீர் பட்ட இடமெல்லாம் மறுபடி நீலமானது. பாவி, பாடுபட்டு விரட்டிய தண்ணீரைத் தானே கூப்பிட்டு உள்ளே விட்டாள்.

டீச்சர் பலகை முன்னால் போய் நின்றார்.

"முப்பத்தாறு வரணும். ஒருத்தருக்குக்கூட வரல. ஒரு தடவை சூடு பண்ணிட்டு இறக்கி வச்சா தண்ணி முழுசா எப்படிப் போகும்? நாளைக்கு மூணு மூணு பேரா சேர்ந்து திரும்பச் செய்யுங்க. யார் கூட யாருன்னு நீங்களே பேசிக்குங்க."

மூன்று பேர். புதுசு முன்மேசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முன்மேசைக் கண்ணாடிக்காரி தன் தோழியையும் இழுத்துக்கொண்டு அவளிடம் வந்தாள். இத்தனை மாதத்தில் அவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது.

"உனக்கும் இருபத்தேழுதானா?"

"ஆமா."

"அட போ. நீ விடாம எடை போட்டதைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தோம். உனக்குக் கண்டிப்பா சரியா வரும், இனிமே உன்னையும் சேர்த்துக்கலாம்னு பேசி வச்சிருந்தோம்."

"எனக்கு முதல்ல முப்பத்தாறுதான் வந்துச்சு."

கண்ணாடிக்காரி குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள். நீலமாக இருந்தது.

"டீச்சர் சொன்னதுக்கப்புறம் யார் வேணா சொல்லலாம்" என்றாள். தோழி சிரித்தாள். இரண்டு பேரும் போய் ஜன்னலோரத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

புதுசு கிண்ணத்தைக் கழுவ எடுத்துப் போனாள். வெள்ளைப் பொடியோடு தண்ணீர் சேர்ந்தபோது கிளம்பிய சூட்டில் அதன் அடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.