சந்தனத்துக்கு ஒரு சேணம்

மழை தொடங்கினால் துணுக்காய்ப் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் மோட்டார் சைக்கிளை ஓட்டுவதை விடத் தள்ளுவதுதான் அதிகம். யோகலிங்கத்துக்குத் தள்ளவும் இயலாது. சண்டைக்காலத்தில் ஷெல் துண்டு பட்ட இடுப்பு, கொஞ்சத் தூரம் நடந்தாலே பிடித்துக்கொள்ளும். ஆனால் காலபோக நெல் விதைத்தவுடன் மாடுகள் வயல் பக்கம் வராமல் காட்டோரம் போயாக வேண்டும். பட்டி நிறைய மாட்டை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியுமா? யோசித்து யோசித்து, கடைசியில் நுவரெலியாவிலிருந்து ஒரு குதிரையை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்.

மனைவி நேசமலர் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். சந்தன நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. குட்டைக் கால், பீப்பா வயிறு, பாயை விரித்துப் படுக்கலாம் போல அகன்ற முதுகு. சந்தனம் என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு, கூடவே வாங்கி வந்த ஒடுங்கின சேணத்தைக் கண்டாலே சந்தனம் முகத்தைத் திருப்பத் தொடங்கியது. வயிற்று வாரை இறுக்கும்போது யோகலிங்கத்தின் சட்டைக் கையைக் கடித்தது. குளக்கட்டில் இறங்கச் சொன்னால் நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்து வளவுத் தங்கராசா, அடிக்காத மாடு படியாது, குதிரையும் அப்படித்தான் என்றார். யோகலிங்கத்துக்கு அடிக்க மனம் வரவில்லை. சேணத்துக்குக் கீழே சாக்கை மடித்து வைத்துப் பார்த்தார். அது இன்னும் மோசமாகிவிட்டது.

ஒரு மத்தியானம் அவர் சேணத்தைக் கழற்றும்போது நேசமலர் தண்ணீர் வாளியோடு வந்தாள். குதிரையின் முதுகு முழுக்க வியர்வை. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்து கிடந்தது. அதில் விரலால் அழுத்தினாள். தோல் துடித்தது, காது பின்னால் மடிந்தது. கனகாலம் ஊருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள். ஒரு உடுப்பு எங்கே பிடிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை.

“இஞ்சேருங்கோ, இது அடம் பிடிக்கேல்லை. தோள்மூட்டு இறுக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு ஆர் வேலை செய்வினம்?”

சாக்கு வைத்தது, இறுக்கமான சப்பாத்துக்குள் இன்னொரு காலுறையைப் போட்ட கதைதான் என்றும் சொன்னாள். யோகலிங்கம் சாக்கை உருவி வேலியில் போட்டார்.

குதிரையை விற்ற வீரையாவிடம் பழைய சேணங்களும் இருந்தன. குதிரையை நுவரெலியாவுக்குக் கொண்டுபோக முடியாதாகையால், நேசமலர் தடித்த மின்கம்பி ஒன்றை அதன் முதுகுக்குக் குறுக்கே வைத்து வளைத்தாள். வளைவு குலையாமல் எடுத்துக் காட்போட் மட்டையில் கோடு போட்டு வெட்டினாள். தோளுக்குப் பின்னால் ஒன்று, நடு முதுகில் ஒன்று. மாடுகளைத் தங்கராசாவிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, மட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

வீரையா முதலில் எடுத்து வைத்தது புதுச் சேணம். பளபளத்தது. மரச்சட்டத்தில் போட்டு யோகலிங்கம் ஏறி உட்கார்ந்தார், முகம் மலர்ந்தது. அவர் இறங்கியதும் நேசமலர் மட்டையை அடியில் கொடுத்தாள். மட்டை உள்ளே போகவில்லை. போகப் போகத் தோல் இளகிக் கொடுக்கும் என்றார் வீரையா. தோல் சரி, உள்ளே இருக்கிற சட்டமும் இளகுமா என்று அவள் கேட்க, அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் இன்னொன்றைத் தூக்கி வந்தார். நிறம் மங்கி, கீறல் விழுந்த, அகலமான பழைய சேணம். ஆனால் மட்டை அதில் ஒட்டி உட்கார்ந்தது. அடியில் இருந்த இரண்டு மெத்தைக்கும் நடுவில் முதுகெலும்பு தொடாமல் இருக்க நல்ல இடைவெளியும் இருந்தது. யோகலிங்கம் ஏறினார், உடனே இறங்கினார், நல்லது என்றார். பொருந்தாவிட்டால் வவுனியாவுக்கு மரக்கறி ஏற்றி வரும் லொறியில் திருப்பி அனுப்பலாம் என்று வீரையா சொன்னார்.

வீட்டில் அதைப் போட்டபோது சந்தனம் மணந்து பார்த்தது, கடிக்கவில்லை. யோகலிங்கம் ஏறினார். முற்றத்தில் அது காலை நீட்டி வைத்து நடந்த நடையைப் பார்க்க நேசமலருக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வேலிப் படலையடியில் இறங்கியவருக்குக் காலை ஊன்ற முடியவில்லை.

“காலை விரிச்சு இருக்கோணும். பழகீடும்,” என்றார்.

பழகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதல் இருந்த ஒடுங்கின சேணம் அவருடைய காலை ஒடுக்கி வைத்திருந்தது. அவருக்கு நோகாமல் இருந்தது அதனால்தான். அவர் மரக்குற்றியில் உட்கார்ந்து இடுப்பைத் தடவினார்.

“குதிரையைத் திருப்பிக் குடுத்திடுவம் நேசம். அதின்ரை முதுகும் மாறாது, என்ரை இடுப்பும் மாறாது.”

நேசமலர் குதிரையின் கழுத்தில் கை வைத்தபடி நின்றாள். இத்தனை நாளும் வாய்க்குள் கிடந்த கேள்வி வெளியே வந்தது.

“நான் ஏறிப் பாக்கட்டே?”

அவர் இடுப்பைப் பிடித்தபடி எழும்பி, ஏறு என்று தலையாட்டினார். ஐம்பது வயது வரை அவள் ஓட்டியதெல்லாம் சைக்கிள் மட்டும்தான். வவுனியாவில் படிக்கிற மகள் யதுர்ஷிகாவின் நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் கடிவாளத்தைப் பிடித்தார். முழங்காலால் இறுக்கக் கூடாது, கண் குதிரையின் காதுக்கு மேலால் தூரப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, இடுப்பு இடங்கொடுத்த மட்டும் கூட நடந்தார். முடியாமல் போனதும் வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே சொன்னார். அவள் ஒருமுறை விழுந்தாள். றோட்டால் போனவர்கள் சிரித்தார்கள். எழும்பித் திரும்ப ஏறினாள்.

மார்கழியில் ஒரு சினைப்பசு பட்டிக்கு வரவில்லை. காட்டு வாய்க்காலில் தண்ணீர் முட்டி ஓடியது. நேசமலர் சந்தனத்தில் அதைக் கடந்து போய்ப் பற்றைக்குள் பசுவைக் கண்டுபிடித்தாள். கன்று போட்டிருந்தது. கன்றுக்கு இன்னும் கால் நிற்கவில்லை. அதைத் தூக்கிச் சேணத்தின் முன்பக்கத்தில் குறுக்காக வைத்து, தானும் ஏறி அமரும் வரை குதிரை அசையவில்லை. பசு கத்திக்கொண்டே பின்னால் வந்தது.

யோகலிங்கம் கன்றை வாங்கி வைக்கோலில் கிடத்தினார். எந்தப் பக்கத்தால் போனாய், தண்ணீர் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அவள் கை கழுவத் தண்ணீர் வார்த்தபடியே, பட்டிக்காரனிடம் பட்டிக்காரன் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

“நாளைக்கு மாட்டை எந்தப் பக்கம் விடப்போறாய்?”

“வாய்க்கால் வத்தும் மட்டும் குளக்கட்டுப் பக்கம் விடுறன்,” என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே.