ஸ்னாப்பை யார் போட்டது?

கடைகளுக்கு அலமாரியும் கண்ணாடிக் கதவும் வரைந்து கொடுக்கும் அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். கணினி வருவதற்கு முன்பே பலகையில் தாளை ஒட்டி, ஸ்கேல் பிடித்து வரைந்தவள் என்பதால் வந்த பட்டம். யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் "அக்காவைக் கேளு" என்பார்கள். அவளும் தலையைத் திருப்பாமலே பதில் சொல்வாள். வரையும் மென்பொருளில் ஹெல்ப் என்று ஒரு பட்டன் இருப்பது அவளுக்குத் தெரியும். அதைத் தொடுவதுதான் கௌரவக் குறைச்சல். "அதெல்லாம் தெரியாதவங்களுக்குப்பா" என்று சிரித்துவிடுவாள்.

பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் நெட்டை என்பார்கள். வேறு கம்பெனியில் பல வருஷம் வரைந்துவிட்டு வந்தவர், ஏறக்குறைய அவள் வயது. வாசலில் குனிந்து நுழைகிற ஆள். போனில் தன்னைச் சொல்லிக்கொள்வதே "நெட்டை பேசறேன்" என்றுதான்.

ஒரு மருந்துக்கடை வேலையில்தான் வம்பு வந்தது. அவள் வரைந்த கண்ணாடிக் கதவுகளை வரிசையாக மாட்டியபோது, கடைசியில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி நின்றது. சூடேற்றிக் கெட்டியாக்கிய கண்ணாடி; வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. முதலாளி நேராக அவள் மேசைக்கு வந்து நின்றார். வரைபடத்தைத் திறந்து பார்த்தால், ஸ்னாப் என்கிற அமைப்பு போட்டபடி கிடந்தது. அது இருந்தால், வைத்த இடத்தில் புள்ளி நிற்காது. பக்கத்தில் இருக்கிற கட்டத்தின் மூலைக்குத் தானாகத் தாவிவிடும். அளவைத் தட்டாமல் மவுஸால் இழுத்தே வரைந்து பழகியவள் அவள். ஒவ்வொரு கதவிலும் கொஞ்சம் கொஞ்சமாக அளவு குறைந்திருந்தது.

அலுவலகம் முழுக்க எட்டிப் பார்த்தது. அவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

"நான் ஸ்னாப் போடற ஆளே இல்லீங்க. மாமியாருக்குக் கண் ஆபரேஷன்னு லீவு போட்டேனே, அப்ப இவர்தான் என் மெஷின்ல உக்காந்தார்."

நெட்டை எழுந்து நின்றார். "உக்காந்தேன் அக்கா. ஆனா கம்ப்யூட்டர்ல என் பேரைப் போட்டுத்தான் உள்ள போனேன்."

"எந்தப் பேர்ல போனா என்ன? மெஷின் ஒண்ணுதானே!"

அடித்துச் சொன்னாள். ஸ்கேல் அக்கா சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? நெட்டை திரும்ப உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமே அவரை வரைகிற வேலையிலிருந்து எடுத்து, கட்டடம் கட்டடமாகப் போய் அளவெடுக்கிற வேலையில் போட்டுவிட்டார் முதலாளி. அவள் வீட்டில் அந்தக் கதையைக் கை கால் வைத்துச் சொன்னாள். பஸ் ஓட்டுநரான அவள் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இனிமேல் இப்படி நடக்கக்கூடாது என்று முதலாளி அவளிடமே ஒரு வேலையைக் கொடுத்தார். "எந்த செட்டிங்ஸ் எங்க இருக்கு, வரையறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும், எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுங்க. உங்களை விட்டா வேற யாரு?"

மனப்பாடமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தவள் முதல் பக்கத்திலேயே திண்டாடினாள். மென்பொருள் புதுப்பித்ததிலிருந்து பாதி விஷயம் இடம் மாறிக் கிடந்தது. கைப்பழக்கத்தில் வேலை செய்தவளுக்கு, வாயால் வழி சொல்லத் தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்து, பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளைபோல அக்கம்பக்கம் பார்த்து, ஹெல்ப்பை அமுக்கினாள்.

ஸ்னாப் என்று தேடினாள். புள்ளி புள்ளியாகக் கட்டம் போட்ட படம் வந்தது. அதைப் பார்த்ததுமே அவளுக்கு நினைவு வந்தது. மருந்துக்கடைக்கு முன்பு ஒரு பேக்கரிக்குத் தரை ஓடு வரைந்தாளே! ஓடு ஓடாக இழுக்கச் சௌகரியம் என்று ஸ்னாப் போட்டது அவள்தான். எடுத்ததாக நினைவில்லை. படத்துக்குக் கீழே இருந்ததையும் படித்தாள். இந்த அமைப்பு உள்ளே நுழைகிறவரின் பெயரோடு சேமிக்கப்படும். அதே கணினியை வேறு பெயரில் பயன்படுத்துகிறவர் செய்யும் மாற்றம் இதைத் தொடாது.

இரண்டு தரம் படித்தாள். நெட்டை அன்றைக்குச் சொன்னது அதே விஷயம்.

டீ முடிந்து ஆட்கள் வருகிற சத்தம் கேட்டதும் பக்கத்தைச் சட்டென்று மூடினாள். குறிப்பை எழுதி முடித்தாள். அந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள். முதலாளி படித்துவிட்டு, "இதுக்குத்தான் அக்கா வேணுங்கறது" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவளுக்குத் தலை நிமிரவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது கணவர் கேட்டார்: "என்ன, அந்த நெட்டை இன்னும் டேப்பும் கையுமா வெயில்ல திரியறாரா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்று நினைத்தபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. இனிமே அவரைப் பத்திச் சிரிக்காதீங்க."

மறுநாள் முதலாளியின் அறைக்குப் போய்க் கதவைக்கூடச் சாத்தாமல் சொன்னாள். பேக்கரி, ஓடு, பெயர், எல்லாமே. குறிப்பில் வேண்டுமென்றே விட்டதையும் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி விடுங்கக்கா. முடிஞ்சு போன விஷயம். அவரும் வெளிவேலையில பழகிட்டார்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "நீங்க விட்டுடலாம், என்னால விட முடியலீங்க" என்று சொல்லிவிட்டு, நெட்டை எந்த இடத்தில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பாதி கட்டிய ஒரு துணிக்கடை. சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே மண்டியிட்டுச் சுவரோரம் அளந்துகொண்டிருந்தார். சட்டையெல்லாம் தூசி. அவளைப் பார்த்ததும், "என்ன அக்கா, அளவு ஏதாவது தப்பா போச்சா?" என்று பதறி எழுந்தார். அந்தப் பதற்றமே அவளைக் கூனிக்குறுக வைத்தது.

"உங்க அளவுல தப்பில்ல. ஸ்னாப் போட்டது நான். நீங்க பேரைப் பத்திச் சொன்னது சரி. எனக்கு அது தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல, பழியை உங்க மேல போட்டுட்டேன்."

நெட்டை டேப்பைச் சுருட்டினார்.

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னதுல நானே நம்பிட்டேன் அக்கா. எதையாவது கை தவறித் தட்டியிருப்பேன் போலன்னு. வீட்ல பொண்டாட்டிகிட்டயும் பசங்ககிட்டயும் நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு சொன்னேன். தூக்கமில்லாம அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்த்திருக்கேன், எங்க கை வெச்சேன்னு."

மன்னிப்பு என்ற வார்த்தை அவளுக்கே சின்னதாகத் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்ப வரைகிற வேலைக்கே வந்துவிடும்படி கேட்டாள்.

"முதலாளியே கூப்பிட்டா வரேன். நீங்க கூப்பிட்டு வரமாட்டேன்."

அது நியாயம் என்று அவளுக்குப் பட்டது. திரும்பி வந்து, முதலாளி போனை எடுத்து நெட்டையைக் கூப்பிடும்வரை அந்த அறையை விட்டு நகரவில்லை. விட்டுப்போன விஷயத்தைக் குறிப்பில் சேர்த்து, இது தெரியாமல் தவறு செய்தது யார், பழி ஏற்றது யார் என்பதையும் எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள்.

அடுத்த வாரம் நெட்டை குனிந்து உள்ளே வந்தார். ஜன்னலோரத்து மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவளிடமிருந்து அதுதான் தூரம். வணக்கம் சொன்னார், அவளும் சொன்னாள். பிறகு இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.