எண்பத்து நான்கு குழந்தை வண்டிகள்

ரிக்கெயின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க எண்பத்து நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்று மருத்துவமனை சொன்ன மறுநாள் காலை, அவள் வீட்டு வாசலில் எண்பத்து நான்கு குழந்தை வண்டிகள் நின்றன. பிள்ளைகளைக் குளிரில் வெளியே தூங்க வைப்பது டென்மார்க்கில் எங்கள் எல்லோருக்கும் வழக்கம் என்பதால் தெருவில் யாரும் திடுக்கிடவில்லை. சைக்கிள் போகும் பாதையை அடைக்கிறது என்று மட்டும் நகராட்சிக்கு இரண்டு புகார்கள் போயின. எண்பத்து மூன்று வண்டிகளில் குழந்தைகள் சமர்த்தாகத் தூங்கின. கடைசி வண்டியில் கண்கள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்த ஒரு பெண் குழந்தை, கால் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு கடற்பறவைகளைப் பார்த்துச் சிரித்தது.

மரபணு ஆலோசகர் லிஸ்பெத் கோப்போடு வந்தார். எந்தப் பக்கமும் சாயாமல் பேசுவதுதான் அவர் வேலை. இருபது வருடப் பழக்கத்தில், கொட்டும் மழையைக்கூட "சிலருக்கு இது மழையாத் தோணலாம்" என்பார்.

"இதுல என்னோடது எது, லிஸ்பெத்?"

"வாய்ப்புக் கணக்கை மட்டும்தான் நான் சொல்லலாம். முடிவு முழுக்க உங்களோடது. வயித்துல ஊசி போட்டு நீரெடுத்து, நிச்சயமாத் தெரிஞ்சுக்கச் சோதிக்கிறதா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, போதும்."

எதிர்வீட்டு பௌல் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா, எல்லாம் உன் இஷ்டம். ஆனா அந்த மாதிரிப் புள்ளையை நம்ம தெருவுல பாத்து எத்தனை வருஷமாச்சு! எல்லாரும் சோதிச்சுப் பாத்துட்டு, அவங்கவங்க இஷ்டப்படிதான் முடிவு பண்ணாங்க." அத்தனை பேரின் இஷ்டமும் ஒன்றாகவே எப்படி இருந்தது என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. வெட்கக்கேடு, நானும் கேட்டதில்லை.

ரிக்கெயின் கணவன் ட்ரோல்ஸ் வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்தான். "இதைப் பாரேன், அப்படியே எங்கப்பா மூக்கு!" என்று பதினேழாவது வண்டியில் கைவைத்தான். பிறகு கடைசி வண்டியைப் பார்த்துக் குரல் இறங்கி, "நமக்கப்புறம் இவளை யாரு பாத்துப்பாங்க, ரிக்கெ?" என்றான். அவளுக்கும் அதே பயம்தான்.

வியாழன் மதியம் ஆலங்கட்டி மழை கொட்டியது. எண்பத்து மூன்றும் அசையவில்லை. கடைசிக் குழந்தை மட்டும் வீறிட்டு அழுதது. ரிக்கெ வெறுங்காலோடு ஓடி அந்த வண்டியை உள்ளே இழுத்தாள். வாசலைத் தாண்டியதும் வண்டி காலியாக இருந்தது, அவள் வயிற்றுக்குள் ஏதோ முதல்முறையாக அசைந்தது. மறுநாள் லிஸ்பெத்திடம் ஊசி வேண்டாம் என்றாள். "நல்லது" என்று வாய்தவறிச் சொல்லிவிட்ட லிஸ்பெத், தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார்.

மே மாதம் ஆஸ்தா பிறந்தாள், அதே கண்களோடு. அவள் இதயத்தில் ஓட்டை இருந்தது, இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். இரண்டு முறையும் ட்ரோல்ஸ் மருத்துவமனை நடைகூடத்தில் உட்கார்ந்து அழுதான். நான்கு வயதில் நடந்தாள், ஏழு வயதில் பௌலைச் சீட்டாட்டத்தில் ஏமாற்றினாள். மற்ற வண்டிகள் அங்கேயே நின்றன. நகராட்சி கடைசியில் சைக்கிள் பாதையையே வண்டிகளைச் சுற்றிப் போட்டது. அந்த எண்பத்து மூன்றும் வளரவுமில்லை, விழிக்கவுமில்லை. இப்போது ஒன்பது வயதாகும் ஆஸ்தா, தினமும் காலையில் ஒவ்வொரு வண்டியாக நின்று போர்வையைச் சரிசெய்கிறாள்.

"தூங்குங்க, தூங்குங்க. நான் ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்துடறேன்."