தேதியைத் திருப்பிப் போட்ட கொழுந்தன்

மூச்சிரைப்போடு வரும் பிள்ளைகள் குளிர்காலத்தில்தான் குவிகிறார்கள் என்று குழந்தை டாக்டரம்மா அடித்துச் சொல்வார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான், டேட்டாபேஸ் வேலை பார்க்கும் கொழுந்தனை மதிய இடைவேளையில் பிடித்து உட்கார்த்தி, மருத்துவமனையின் மூச்சிரைப்புப் பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னார்.

திரை கோமாளித்தனம் செய்தது. எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் முண்டியடித்து முன்னால் நின்றன. பிறகு இரண்டாம் தேதிகள்.

"என்ன தம்பி, உன் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"அதுக்கு இது தேதின்னே தெரியாது அண்ணி. வெறும் நம்பர்." 5032019 என்பதைச் சுட்டிக்காட்டினான். 2019, மார்ச் ஐந்து. "நாள் முன்னாடி நிக்குது, வருஷம் வால்ல தொங்குது. வாலைத் தலையாக்கணும்."

"வெட்டி ஒட்ட வேண்டியதுதானே?"

"முன்னாடியிருந்து வெட்டினா மாட்டிக்குவோம். அஞ்சுக்கு முன்னால இருந்த பூஜ்யம் காணாமப் போயிருக்கு. பன்னெண்டாம் தேதின்னா ரெண்டு இலக்கம் இருக்கும். அதனால பின்னாடியிருந்துதான் வரணும்."

பத்தாயிரத்தால் வகுத்தான்; மீதி வருடம். ஈவை நூறால் வகுத்தான். மீதி மாதம், ஈவு நாள். திருப்பிச் சேர்த்ததும் 20190305 ஆனது. அதை நிஜத் தேதியாகவும் மாற்றினான். வரிசை நேரானது.

"கிழமைவாரியாப் பாரேன்!" அண்ணிக்கு ஆவல் தாங்கவில்லை.

திங்கட்கிழமை மலைபோல் உயர்ந்து நின்றது.

"பாத்தியா, ஏதோ இருக்கு!"

"ஞாயித்துக்கிழமை நீங்க லீவு அண்ணி."

டாக்டரம்மா அசடு வழியச் சிரித்தார். அடுத்து மாதவாரியாகக் கூட்டினான். குளிர்காலம் சாதுவாகக் கிடந்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் மாதம்தான், எந்த வருடத்தை எடுத்தாலும், துருத்திக்கொண்டு நின்றது. தான் இத்தனை காலம் அடித்துச் சொன்னதை நினைத்து அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது.

"எப்போன்னு கணக்கு சொல்லிடுச்சு. ஏன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றான் கொழுந்தன்.

அப்போது விடுமுறைக்காலம். மறுநாள் காலை, அந்தப் பிள்ளைகளில் பலர் படிக்கும் பக்கத்துப் பள்ளிக்கே போய்விட்டார் டாக்டரம்மா. விடுமுறை முழுக்க மூடிக்கிடந்த வகுப்பறையின் பூட்டைத் தலைமையாசிரியை திறந்ததும் ஈர வாடை முகத்தில் அறைந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால், பின்சுவர் முழுக்க, மூச்சுக்கு ஆகாத கறுப்புப் பூஞ்சை.

"போன வருஷந்தான் பெயிண்ட் அடிச்சோம் டாக்டர்!"

"மேல அடிச்சீங்க. உள்ள குழாய் கசியுது போலிருக்கே."

குழாயைச் சரிசெய்து, சுவரைச் சுரண்டி, பள்ளி திறக்கும்வரை சன்னல்களைத் திறந்தே வைத்தார்கள். பள்ளி திறந்த மாதம் முடிந்ததும் கொழுந்தன் மறுபடி கணக்கெடுத்தான். துருத்திக்கொண்டிருந்த குன்று பாதியாகக் குறைந்திருந்தது.

"ஒரு வருஷத்தை வச்சு எதுவும் சொல்லிட முடியாது," என்றார் அண்ணி. சொல்லிக்கொண்டே, அடுத்த பள்ளியின் தொலைபேசி எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்.