பள்ளிப் பையில் அடங்கும் கணினி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன். இந்தக் கதை அதிலிருந்து வந்தது.

முதல் தொடக்கம்: "லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மகள் விளையாடக் கையடக்கமாக ஒரு கணினி..." (அடித்துவிட்டேன். கையடக்கம் என்றால் செல்போன் நினைவுக்கு வரும். இது செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.)

இரண்டாவது: "அப்பாவும் அம்மாவும் பிரிந்த பிறகு நான் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே." இது தேவலை. கணினி ஏன் சிறிதாக இருக்க வேண்டும் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை அதைப் பள்ளிப் பையில் போட்டுக்கொண்டு நான் பஸ் ஏற வேண்டும். அப்போது எனக்குப் பதினாறு வயது.

2

அப்பாதான் பிடிபடாத பாத்திரம். கழற்றிய திருகாணிகளை எண்ணி டப்பாவில் போட்டு, பூட்டும்போது மறுபடி எண்ணுகிற ஆள். கணினியையும் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து அப்படித்தான் கட்டினார். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு, வேகமான பிராசஸர், அதன் சூட்டை இழுக்கத் தட்டையான ஒரு கூலர். காற்று கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டுமென்று, விசிறிகளுக்குப் பக்கத்தில் காகிதத் துண்டைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்.

பத்தே நிமிட விளையாட்டில் தொண்ணூற்றாறு டிகிரி. படம் திக்கித் திணறி அணைந்துபோனது.

"இத்தனூண்டு பெட்டியில இவ்வளவு சாமானையும் அடைச்சா மூச்சு முட்டாதா? பெருசா ஒரு பெட்டி வாங்கி மாத்திடலாம்மா. இங்கேயே இருக்கட்டும். வர்றப்ப விளையாடு."

"அப்ப அம்மா வீட்ல இருக்கிற வாரம்?"

"ஒரு வாரம்தானே" என்றார்.

(இங்கே அவர் முகத்தை வர்ணித்து நாலு வாக்கியம் எழுதினேன். நாலும் புளுகு. நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

3

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியை அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போய், சாப்பாட்டு மேசையில் வைத்துக் கூலரைக் கழற்றினேன். பிராசஸரைத் தொட வேண்டிய செம்புப் பரப்பில், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் தாள் சூட்டைத் தடுத்தபடி அப்படியே ஒட்டியிருந்தது. உரித்துவிட்டுப் பொருத்தவும் என்று அதில் சிவப்பெழுத்து வேறு. [அடிக்குறிப்பு: புதிதாகக் கணினி கட்டுகிறவர்கள் செய்கிற தவறுதான் இது. செய்துவிட்டு யாரும் வெளியே சொல்வதில்லை.] உரித்தேன். சூட்டைக் கடத்த இடையில் தடவியிருந்த பழைய பசையைத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பசை வைத்துப் பூட்டினேன். அறுபத்தெட்டு டிகிரி.

அடுத்த வாரம் அப்பா கேட்டார்.

"எப்படிம்மா சரியாச்சு?"

"உள்ள தூசிப்பா."

"புதுப் பெட்டியிலயா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பெரிய பெட்டிப் பேச்சையும் எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரே அதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தார்.

4

முடிவு அ: அவர் மறந்துவிட்டார். பழக்கமில்லாத வேலை, அவ்வளவுதான். மகள் பொய் சொல்லி அவர் மானத்தைக் காப்பாற்றினாள். பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போட்டுவிடுவார்கள்.

முடிவு ஆ: திருகாணியை இரண்டு தடவை எண்ணுகிறவர் சிவப்பெழுத்தைப் பார்க்காமலா இருப்பார்? பெட்டி சூடானால்தான் மகள்...

(முடிக்க வரவில்லை.)

கதை எழுதுகிறவளுக்கு இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. மகளுக்கு இல்லை. மானத்தைக் காப்பாற்றினேன் என்பதும் சும்மா. கேட்டால் "மறந்துட்டேன்"னு சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் தூசி என்றேன்.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இது ஒரே ஒருவருக்கு. அப்பா, நான் எழுதுறதையெல்லாம் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். படிச்சதும் போன் பண்ணுங்க. அந்தத் தாளை வேணும்னேதான் விட்டேன்னு சொன்னா எனக்குக் கோபம் வராது. நான் பையைத் தூக்கிட்டுக் கிளம்புறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு உங்க வாயால ஒரு தடவை கேட்டாப் போதும்.