பெலிண்டாவின் கழுத்து

கழுத்தில் ஊசி போட்ட டாக்டர் பெலிண்டாவிடம் சொல்லி அனுப்பியது இதுதான்: எந்த வேலை செய்தால் தலை வலிக்குமோ, அதை வெளியே போய் உடனே செய்து பார். வலி வராவிட்டால், அது கழுத்து மூட்டிலிருந்து கிளம்புகிற வலி. மரப்பு மருந்து சாயங்காலம் வரைதான் தாங்கும். கூடவே போட்ட ஸ்டீராய்டு பிடிக்கச் சில நாள் ஆகும், அதுவரை ஓய்வு.

அவள் வேலை செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பது. ஆகவே டப்போ நகரத்து கிளினிக் வாசலில், கார்கள் நிற்குமிடத்தில், இல்லாத ஆட்டை முழங்காலுக்கிடையே இடுக்கிக் குனிந்து, வெறுங்கையால் நீள நீளமாகக் கத்தரித்தாள். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பின்மண்டையிலிருந்து கண்ணுக்குள் ஏறுகிற அந்த ஆணி வரவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்.

இத்தனை வருஷமும் அவள் தலையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு டாக்டர் மைக்ரேன் என்றார். இன்னொருவர் மனசு சரியில்லை என்று மாத்திரை எழுதினார். கத்தரிக்கும் கோஷ்டியை நடத்துகிற சொந்தத் தம்பி ஷேன், ராத்திரி அடித்தது இன்னும் இறங்கவில்லை என்று கொட்டகையே கேட்கச் சிரித்தான். அவள் குடிப்பதே இல்லை. போன சீசனில் அவள் இடத்தில் வேறொருவனை நிறுத்திவிட்டு, அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தான்.

அதே ஷேன்தான் இன்று அவளைக் கூட்டிப்போக வந்து, வண்டியில் சாய்ந்தபடி இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானே குனியிற. ஆள் பத்தல, திங்கக்கிழமை வந்து ஆட்டைப் பிடி."

"மரத்துப்போன கழுத்துடா இது. சாயங்காலம் திரும்ப வலிக்கும்."

"ஆரம்பிச்சிட்டியா."

பாதி வழியில், வெயில் இறங்கும்போது வலித்தது. வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவன் கையை இழுத்துத் தன் பின்மண்டைக்குக் கீழே, கழுத்தில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இங்கருந்து வருது. மருந்து இருந்தவரைக்கும் இல்ல, இறங்கினதும் வந்துருச்சு. இப்பச் சொல்லு, குடிச்சிருக்கேன்னு."

அவன், இவ்வளவு வலியென்றால் துடைப்பமே நல்லதில்லையா என்று இழுத்தான்.

"தொடப்பத்த நீ பிடி. ஊசி பிடிச்சதும் நான் என் எடத்துக்கு வருவேன். அங்க நிக்கிறவன்கிட்ட இப்பவே சொல்லு, என் காதுல விழுற மாதிரி."

"ஊசி பிடிக்கலேன்னா?"

"அத நானும் டாக்டரும் பாத்துக்கறோம்."

ஷேன் போனை எடுத்துப் பார்த்தான். இங்கே சிக்னல் இல்லை என்றான்.

"அப்ப சிக்னல் வர்ற எடம் வரைக்கும் ஓட்டு," என்றாள் பெலிண்டா. போனை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.